ஃபேட்டி லிவருக்கு அந்தப் பச்சை கேப்சூலைப் போடலாமா?

தம்பி, உங்கள் கேள்வியை முதலில் சுருக்கி எழுதிவிடுகிறேன், இதே சந்தேகத்தோடு வேறு யாராவது படித்தாலும் புரியட்டும். அப்பாவுக்கு 54 வயது, சர்க்கரை வந்து ஆறு வருடம், குடிப்பழக்கம் கிடையாது, எடை 78 கிலோ. போன மாதம் எடுத்த வயிற்று ஸ்கேனில் 'கிரேடு 2 ஃபேட்டி லிவர்' என்று வந்திருக்கிறது. ஈரல் செல் கெட்டால் ரத்தத்தில் கூடும் என்சைம்களில் எஸ்ஜிபிடி 71, எஸ்ஜிஓடி 48. பக்கத்து வீட்டு மாமா தினமும் அந்தப் பச்சை நிற வைட்டமின் இ 400 கேப்சூல் இரண்டு போட்டு எஸ்ஜிபிடியை இறக்கிவிட்டாராம், கூடவே ஏ, சி, செலீனியம் எல்லாம் கலந்த ஆன்டிஆக்சிடன்ட் மாத்திரை ஒன்றையும் சொல்லியிருக்கிறார். அப்பாவுக்கும் வாங்கிக் கொடுக்கலாமா என்று கேட்கிறீர்கள்.

வாங்காதீர்கள். டாக்டர் பார்த்து, இன்னும் ஒன்றிரண்டு பரிசோதனை செய்து, இவருக்கு இது வேண்டும் என்று எழுதித் தந்தால் அது வேறு விஷயம். பக்கத்து வீட்டு மாமா சொன்னார் என்பதற்காக வேண்டாம்.

நான் டாக்டர் இல்லை, மருந்தாளுநர். கேரள எல்லையில், களியக்காவிளைப் பக்கம் 19 வருடமாக மருந்துக்கடை வைத்திருக்கிறேன். இந்தப் பக்கம் குழித்துறை, மார்த்தாண்டத்திலிருந்தும் அந்தப் பக்கம் பாறசாலையிலிருந்தும் ஆட்கள் வருவார்கள். வாரத்துக்கு நாலு பேராவது ஸ்கேன் ரிப்போர்ட்டை நீட்டி "ஈரல்ல கொழுப்புன்னு போட்டிருக்கு, அந்தப் பச்சை மாத்திரை ஒரு அட்டை தாருங்க" என்பார்கள். முகத்துக்குப் பூசவும் முடி வளரவும் வாங்கிப் பழகிய கேப்சூல் என்பதால் யாருக்கும் அதன்மேல் பயம் கிடையாது. வைட்டமின் என்று பெயர் இருப்பதால் அதைச் சாப்பாட்டுச் சாமான் மாதிரிதான் பார்க்கிறார்கள். ஆனால் கணக்கைப் பாருங்கள். ஒரு ஆளுக்கு ஒரு நாளைக்குத் தேவையான வைட்டமின் இ சுமார் 15 மில்லிகிராம். ஈரல் ஆராய்ச்சியில் கொடுத்த அளவு 800 யூனிட், இயற்கை வகையில் அது 530 மில்லிகிராமுக்கு மேல் வரும். தேவையைப் போல 35 மடங்கு. அந்த அளவில் கொடுப்பது மருந்து, மருந்துக்கு உள்ள எல்லா விதியும் அதற்கும் உண்டு.

இந்த யோசனை எங்கிருந்து வந்தது என்று பார்ப்போம், ஏனென்றால் இதில் உண்மை இல்லாமல் இல்லை. சிப்ஸ் பாக்கெட்டைப் பிரித்து வைத்து மறந்துபோய் ஒரு மாதம் கழித்து மோந்தால் ஒரு சிக்கு வாடை வருமே, அது எண்ணெயில் உள்ள கொழுப்பு ஆக்சிஜனோடு சேர்ந்து கெட்டுப்போன வாடை. ஈரல் செல்லுக்குள் கொழுப்பு தேங்கும்போதும் ஏறக்குறைய இதே வேதியியல்தான் நடக்கிறது. செல்லுக்குள் எரிபொருளை எரிக்கும் மைட்டோகாண்ட்ரியாவுக்கு வேலைப்பளு கூடுகிறது, அரைகுறையாக எரிந்த ஆக்சிஜன் துணுக்குகள் வெளியே சிதறுகின்றன, அவை செல்லின் சுவரில் இருக்கும் கொழுப்பைச் சிக்குப்பிடிக்க வைக்கின்றன, அந்தச் செல் வீங்கிச் சாகிறது, அதைப் பார்த்து உடம்பு அழற்சியைக் கிளப்புகிறது, வருடக்கணக்கில் இது தொடர்ந்தால் தழும்பு விழுகிறது. வைட்டமின் இ கொழுப்பில் கரையும், நேராகப் போய் அந்தச் சுவரிலேயே உட்கார்ந்துகொள்ளும், சிக்குப்பிடிப்பதைத் தடுக்கும், ஆன்டிஆக்சிடன்ட் என்பது இதைத்தான். அதனால் அதைக் கொடுத்தால் ஈரல் பிழைக்குமா என்று பார்த்தார்கள். நியாயமான கேள்விதான்.

இதில் பெரிய ஆராய்ச்சி அமெரிக்காவில் நடந்து 2010-ல் வெளிவந்தது, பெயர் பிவென்ஸ். ஈரலில் ஊசி விட்டுச் சதை எடுத்துப் பார்த்து (இதுதான் பயாப்ஸி), வெறும் கொழுப்பு மட்டும் இல்லை, அழற்சியும் இருக்கிறது என்று உறுதியான 247 பேர். ஒரு கூட்டத்துக்கு வைட்டமின் இ 800 யூனிட், ஒரு கூட்டத்துக்கு பயோகிளிட்டசோன் என்ற சர்க்கரை மாத்திரை, ஒரு கூட்டத்துக்கு மருந்தே இல்லாத டம்மி மாத்திரை. 96 வாரம். கடைசியில் திரும்பவும் சதை எடுத்துப் பார்த்தபோது வைட்டமின் இ கூட்டத்தில் 43 சதவீதம் பேருக்கு ஈரல் தேறியிருந்தது, டம்மி மாத்திரைக் கூட்டத்தில் 19 சதவீதம். நல்ல வித்தியாசம்தான், இல்லை என்று சொல்லவே மாட்டேன். ஆனால் இதே ஆராய்ச்சியில் கடைக்கு வருகிற யாருக்கும் தெரியாத மூன்று விஷயம் இருக்கிறது. சர்க்கரை நோய் உள்ள ஒருவரைக்கூட அதில் சேர்க்கவில்லை. தழும்பு சொல்லிக்கொள்ளும்படி குறையவில்லை. டம்மி மாத்திரை சாப்பிட்டவர்களிலும் ஐந்தில் ஒருவருக்குத் தேறியது, அதாவது ஒன்றுமே கொடுக்காமல்.

உங்கள் அப்பா விஷயத்தில் அந்த முதலாவதுதான் முக்கியம். சர்க்கரை உள்ளவர்களை வைத்துத் தனியாக ஒரு ஆராய்ச்சி பிறகு செய்தார்கள், 2019-ல் வந்தது. அதில் வைட்டமின் இ மட்டும் கொடுத்தவர்களுக்கு முக்கிய இலக்கில் டம்மி மாத்திரையைவிட மேல் என்று காட்ட முடியவில்லை. பயோகிளிட்டசோனையும் சேர்த்துக் கொடுத்தபோதுதான் பலன் தெரிந்தது. சிறுவர்களிடமும் பார்த்தார்கள், 8 முதல் 17 வயது வரை 173 பிள்ளைகள், 2011-ல் வந்த டானிக் ஆராய்ச்சி. எஸ்ஜிபிடி நிலையாக இறங்குகிறதா என்று பார்த்ததில் வைட்டமின் இ 26 சதவீதம், டம்மி 17 சதவீதம், அந்த இடைவெளி தற்செயலாகவும் வரக்கூடியது என்றுதான் முடிவு. சதையில் மட்டும் கொஞ்சம் நல்ல மாற்றம் தெரிந்தது. சீனாவில் 300 மில்லிகிராம் கொடுத்து அண்மையில் பார்த்ததில் பலன் வந்திருக்கிறது, அதிலும் சர்க்கரை இல்லாதவர்கள்தான். ஆக, சர்க்கரை இல்லாத, பயாப்ஸியில் அழற்சி உறுதியான பெரியவர்களுக்கு, டாக்டர் கண்காணிப்பில், யோசித்துக் கொடுக்கலாம் என்பதுதான் அதிகபட்சமாகச் சில வழிகாட்டிகள் சொல்வது. ஸ்கேன் தாளில் கிரேடு 2 என்று எழுதியிருக்கிற எல்லோருக்கும் என்று யாரும் சொல்லவில்லை.

அப்புறம் அந்த மாமாவின் எஸ்ஜிபிடி. எஸ்ஜிபிடி தானாகவே ஏறி இறங்கும். இரண்டு கிலோ குறைந்தாலும் இறங்கும். பயந்துபோய் நாலு நாள் பரோட்டாவையும் பீஃபையும் விட்டாலும் இறங்கும். அதைவிட மோசமானது ஒன்று, எஸ்ஜிபிடி சரியாக இருக்கும்போதே உள்ளே தழும்பு ஏறிக்கொண்டிருக்கலாம். இதை நான் புத்தகத்தில் படித்து எழுதவில்லை. என் சித்தப்பா மேல்புறம் பக்கம் ரப்பர் ஷீட் வாங்கி விற்பவர். இப்படித்தான் ஒரு ஸ்கேனுக்குப் பிறகு மூன்று வருடம் அந்தப் பச்சை கேப்சூல் சாப்பிட்டார். கொடுத்தது என் கடையிலிருந்துதான், நான் தடுக்கவில்லை, அப்போது நானும் இவ்வளவு படித்திருக்கவில்லை. எஸ்ஜிபிடி 36-க்கு வந்ததும் "எல்லாம் சரியாயிட்டு மக்களே" என்று சந்தோஷமாகச் சொன்னார், தொப்பை அப்படியே இருந்தது, சாப்பாடும் அப்படியே. குடலிறக்க அறுவைச் சிகிச்சைக்காக ரத்தம் பார்த்தபோது, ரத்தம் உறைய உதவும் பிளேட்லெட் ஒரு லட்சத்துக்குக் கீழே இறங்கியிருந்தது. ஈரலின் இறுக்கத்தை அளக்கிற ஃபைப்ரோஸ்கேன் எடுத்தால் ஈரல் கல் மாதிரி இறுகியிருக்கிறது என்றார்கள், எண்டோஸ்கோப்பியில் உணவுக்குழாய் ரத்தக்குழாய்கள் புடைத்திருந்தன. கேப்சூல் அவருக்குக் கெடுதல் செய்தது என்று சொல்லமாட்டேன். கேப்சூல் இருக்கிறதே என்று அவர் வேறு எதையும் பார்க்கவில்லை, நாங்களும் பார்க்கவில்லை, அந்த மூன்று வருடம்தான் போனது. உங்களுக்கு இவ்வளவு நீளமாக எழுதுவதற்கு அதுவும் ஒரு காரணம்.

கெடுதல் பற்றியும் சொல்லவேண்டும். 400 யூனிட் வைட்டமின் இ-யும் செலீனியமும் ஆண்களுக்குப் புரோஸ்டேட் புற்றுநோயைத் தடுக்குமா என்று 35,000-க்கும் மேற்பட்ட ஆண்களிடம் பார்த்த செலக்ட் ஆராய்ச்சியில், 2011-ல் வந்த முடிவு தலைகீழாக இருந்தது. வைட்டமின் இ மட்டும் சாப்பிட்டவர்களுக்குப் புரோஸ்டேட் புற்றுநோய் 17 சதவீதம் கூடியிருந்தது. அமெரிக்க டாக்டர்கள் 14,641 பேரை வைத்தே நடத்திய இன்னொரு ஆராய்ச்சியில் மூளையில் ரத்தம் கசியும் பக்கவாதம் வைட்டமின் இ கூட்டத்தில் கூடுதல். எண்ணிக்கை சிறியது, அந்தக் கூட்டத்தில் 39 பேர், டம்மிக் கூட்டத்தில் 23 பேர், ஆனால் இது நடக்கக் காரணம் இருக்கிறது. வைட்டமின் இ அளவு மீறினால் வைட்டமின் கே செய்யும் வேலையில் குறுக்கிடும், ரத்தம் உறைவது தாமதமாகும். உங்கள் அப்பா ரத்தம் உறையாமல் இருக்க ஆஸ்பிரினோ குளோபிடோக்ரெலோ வார்ஃபரினோ சாப்பிடுகிறாரா என்று நீங்கள் எழுதவில்லை. 54 வயதில் சர்க்கரையோடு இருப்பவர்களில் நிறையப் பேர் ஆஸ்பிரின் சாப்பிடுகிறார்கள். அப்படியிருந்தால் இது இன்னும் தள்ளி வைக்கவேண்டிய விஷயம்.

வைட்டமின் ஏ-க்கு வருவோம், அந்தக் கலவை மாத்திரையில் எனக்கு மிகவும் கவலை தருவது அதுதான். உடம்பு வைட்டமின் ஏ-யைச் சேமித்து வைக்கிற இடமே ஈரல். அங்கே அதைச் சேமிக்கிற செல்கள்தான் ஈரல் கெடும்போது குணம் மாறித் தழும்பு நாரை நெய்கிற செல்கள். வைட்டமின் ஏ-யை அதிகமாக, நீண்ட நாள் சாப்பிட்டால் நல்ல ஈரலே கெட்டுப்போகும். ஏற்கெனவே கொழுப்பு பிடித்த ஈரலுக்கு அதை மாத்திரையாகக் கொடுப்பது எந்தக் கணக்கில் சேரும்? கீரை, கேரட், பப்பாளி, செவ்வாழையில் வருவது பீட்டா கரோட்டின், உடம்பு தேவைக்குத்தான் அதை வைட்டமின் ஏ-யாக மாற்றும், அதில் இந்த ஆபத்து இல்லை. ஆனால் அதே பீட்டா கரோட்டினை மாத்திரையாக்கிப் புகைபிடிக்கிறவர்களுக்குக் கொடுத்த பின்லாந்து ஆராய்ச்சியில், 1994-ல், நுரையீரல் புற்றுநோய் 18 சதவீதம் கூடியது. அப்பா பீடி, சிகரெட் பிடிக்கிறவர் என்றால் இதையும் மனதில் வையுங்கள்.

வைட்டமின் சி நீரில் கரைவது, கூடினால் சிறுநீரில் போய்விடும் என்று நினைப்பார்கள். பாதி சரி. ஒரு பகுதி ஆக்ஸலேட்டாக மாறி சிறுநீரகத்தில் கல் பிடிக்கும், சர்க்கரை நோயால் சிறுநீரகம் ஏற்கெனவே தளர்ந்தவர்களுக்கு இது விளையாட்டு இல்லை. ஃபேட்டி லிவருக்கு அது தனியாகப் பலன் தரும் என்பதற்கு நம்பும்படியான ஆதாரமும் இல்லை. ஆக்ஸலேட் என்றதும் நம் ஊர் விஷயம் ஒன்று. இரும்பன்புளி தெரியுமல்லவா, மீன் குழம்பில் போடுவோமே, மரத்தண்டிலேயே கொத்துக் கொத்தாகக் காய்க்கும். அதன் சாறு கொழுப்பைக் கரைக்கும் என்று கேரளாவில் ஒரு பேச்சு பரவி, வெறும் வயிற்றில் டம்ளர் கணக்கில் குடித்தவர்களில் பத்துப் பேருக்கு சிறுநீரகம் திடீரென்று நின்றதை அங்குள்ள டாக்டர்கள் 2013-ல் மருத்துவ இதழில் எழுதினார்கள். குழம்பில் நாலு காய் போடுவதால் ஒன்றும் ஆகாது. டம்ளர் டம்ளராகச் சாறு என்பது வேறு. இப்போதும் எல்லைக்கு அந்தப் பக்கமிருந்தும் இந்தப் பக்கமிருந்தும் "ஈரல் கொழுப்புக்கு குடிக்கலாமா" என்று கடையில் கேட்கிறார்கள்.

பொடிகளும் அப்படித்தான். கிரீன் டீ குடித்தால் கெடுதல் இல்லை, ஆனால் அதைச் சாறெடுத்துச் செறிவாக்கிய மாத்திரை ஈரலைக் கெடுத்த சம்பவங்கள் நிறையப் பதிவாகியிருக்கின்றன, அதிலுள்ள ஈஜிசிஜி என்ற சத்து ஒரு நாளைக்கு 800 மில்லிகிராமோ அதற்கு மேலோ போனால் ஈரல் என்சைம் ஏறுகிறது என்று ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு அமைப்பு 2018-ல் எச்சரித்தது. மஞ்சளோடு மிளகுச் சத்து சேர்த்த மாத்திரையிலும் அப்படி வந்திருக்கிறது. கொரோனா சமயத்தில் எல்லோரும் குடித்த சீந்தில்கொடிக் கஷாயத்தால் மஞ்சள் காமாலை வந்ததை மும்பை டாக்டர்கள் 2021-ல் எழுதினார்கள். வீட்டுச் சமையலில் போடும் மஞ்சளையும் மிளகையும் நான் சொல்லவில்லை, அதைத் தாராளமாகப் போடுங்கள்.

இன்னொன்று, இது நிறையப் பேருக்குத் தெரியாது. நடக்கும்போதும் ஓடும்போதும் தசையில் கொஞ்சம் ஆக்சிஜன் துணுக்குகள் வரும், அந்தச் சின்ன உறுத்தலைப் பார்த்துத்தான் உடம்பு இன்சுலினுக்கு நன்றாக வேலை செய்யப் பழகுகிறது. ஜெர்மனியில் 2009-ல் இளைஞர்களை நாலு வாரம் உடற்பயிற்சி செய்யவைத்து, பாதிப் பேருக்குத் தினமும் வைட்டமின் சி 1000 மில்லிகிராமும் இ 400 யூனிட்டும் கொடுத்துப் பார்த்தார்கள். மாத்திரை சாப்பிடாதவர்களுக்கு இன்சுலின் வேலை செய்வது மேம்பட்டது, சாப்பிட்டவர்களுக்கு அந்தப் பலன் வரவில்லை. பிறகு வந்த எல்லா ஆராய்ச்சியும் இதையே சொல்லவில்லை, அதையும் சொல்லிவிடுகிறேன். ஆனால் அப்பா காலையில் நடந்துவிட்டு வந்து, நடந்ததின் பலனையே மட்டுப்படுத்தக்கூடிய ஒரு மாத்திரையைக் காசு கொடுத்துச் சாப்பிட வேண்டாமே.

சரி, அப்படியானால் என்ன செய்வது. முதலில் தழும்பு இருக்கிறதா என்று பாருங்கள், கிரேடு 1, 2, 3 என்பது கொழுப்பு எவ்வளவு என்பதைத்தான் சொல்லும், தழும்பைப் பற்றி அதில் ஒன்றும் கிடையாது. இதற்கு ஃபிப்-4 என்று ஒரு கணக்கு இருக்கிறது, செலவே இல்லை. வயதை எஸ்ஜிஓடி-யால் பெருக்குங்கள். பிளேட்லெட் எண்ணிக்கையை, 2 லட்சத்து 10 ஆயிரம் என்றால் 210 என்று எடுத்துக்கொண்டு, எஸ்ஜிபிடி-யின் வர்க்கமூலத்தால் பெருக்குங்கள். முதல் விடையை இரண்டாவதால் வகுங்கள். நீங்கள் பிளேட்லெட் எழுதவில்லை. 2,10,000 என்று வைத்தால் அப்பாவுக்கு 1.46 வருகிறது, 2,80,000 என்று வைத்தால் 1.10. விடை 1.3-க்குக் கீழே இருந்தால் பெரிய தழும்பு இருக்க வாய்ப்பு குறைவு, மேலே போனால் ஃபைப்ரோஸ்கேன் எடுத்துப் பார்க்கவேண்டும், 2.67-ஐத் தாண்டினால் தாமதிக்காமல் ஈரல் டாக்டரிடம் போகவேண்டும். ஒரு பிளேட்லெட் எண் எவ்வளவு மாற்றுகிறது பாருங்கள். சர்க்கரை உள்ளவர்களுக்கு இதை வருடா வருடம் பார்ப்பது நல்லது. மத்திய அரசின் சர்க்கரை, இதய நோய்த் தடுப்புத் திட்டத்திலேயே 2021-ல் ஃபேட்டி லிவரைச் சேர்த்துவிட்டார்கள், அதனால் அரசு மருத்துவமனையில் கேட்கவும் தயங்கவேண்டாம்.

அடுத்தது எடை. இதை எழுதினால் "இது எங்களுக்குத் தெரியாதா" என்பீர்கள், ஆனால் இதற்கு இருக்கிற ஆதாரம் எந்தக் கேப்சூலுக்கும் இல்லை. கியூபாவில் 293 பேரை ஒரு வருடம் உணவு, நடையில் மட்டும் வைத்திருந்து, ஆரம்பத்திலும் முடிவிலும் ஈரல் சதை எடுத்துப் பார்த்தார்கள், 2015-ல் வந்தது. உடல் எடையில் 10 சதவீதமும் அதற்கு மேலும் குறைத்தவர்களில் 90 சதவீதம் பேருக்கு அழற்சி மறைந்தது, 45 சதவீதம் பேருக்குத் தழும்பே பின்வாங்கியது. வைட்டமின் இ-யால் அசைக்க முடியாத தழும்பு. அப்பாவுக்கு 10 சதவீதம் என்றால் 8 கிலோ. அது ஒரு வருடத்துக்கு. முதலில் 4 கிலோ குறைந்தாலே ஈரலில் கொழுப்பு குறையத் தொடங்கும். மெலிந்தவர்களுக்கு இது வராது என்றும் நினைக்கவேண்டாம், மேற்கு வங்கக் கிராமங்களில் பார்த்தபோது ஃபேட்டி லிவர் இருந்தவர்களில் முக்கால்வாசிப் பேரின் பிஎம்ஐ, அதாவது உயரத்துக்கு எடை எவ்வளவு என்ற கணக்கு, 25-க்குக் கீழேதான் இருந்தது. வயிற்றுச் சுற்றளவைப் பாருங்கள், ஆண்களுக்கு 90 சென்டிமீட்டருக்குள் இருக்கவேண்டும்.

சாப்பாட்டில் எதைத் தொடுவது? "எண்ணெயே சேர்ப்பதில்லை, எப்படிக் கொழுப்பு வந்தது" என்று எல்லோரும் கேட்பார்கள். ஃபேட்டி லிவர் உள்ளவர்களின் ஈரலில் தேங்கிய கொழுப்பு எங்கிருந்து வந்தது என்று அடையாளமிட்டுப் பார்த்ததில் 59 சதவீதம் உடம்பின் சேமிப்புக் கொழுப்பிலிருந்து, 26 சதவீதம் ஈரலே சர்க்கரையிலிருந்தும் மாவிலிருந்தும் தயாரித்தது, சாப்பிட்ட கொழுப்பிலிருந்து நேராக வந்தது 15 சதவீதம்தான். நம் பக்கத்துச் சாப்பாட்டை இதோடு வைத்துப் பாருங்கள். காலையில் புட்டு, அதோடு பழம், மேலே சர்க்கரை. பதினொரு மணிக்குச் சாயா, ஒரு பழம்பொரி. மத்தியானம் சம்பா அரிசிச் சோறு குவியலாக. சாயங்காலம் மரச்சீனி, அதாவது மரவள்ளிக் கிழங்கு. ராத்திரி திரும்பவும் சோறு அல்லது பரோட்டா. அரிசி, கிழங்கு, பழம், சர்க்கரை, எல்லாமே ஒரே வகை.

மரச்சீனியை நான் குறை சொல்லமாட்டேன். திருவிதாங்கூரில் விசாகம் திருநாள் மகாராஜா அதைப் பரப்பினார், இரண்டாம் உலகப்போரில் பர்மா அரிசி நின்றபோது நம் பாட்டிமார் பிள்ளைகளை வளர்த்தது அந்தக் கிழங்கை வைத்துத்தான். அன்று அது சோற்றுக்குப் பதில், அதைத் தின்றவர்கள் வயலிலும் கடலிலும் நாள் முழுக்க உழைத்தவர்கள். இன்று அது சோற்றுக்கு மேலே. 100 கிராமில் 160 கலோரி, 38 கிராம் மாவுச்சத்து, புரதம் ஒன்றரை கிராம்கூட இல்லை. அப்பாவுக்குப் பிடிக்குமென்றால் வாரத்தில் ஒன்றிரண்டு நாள், அந்த வேளைக்குச் சோறு வேண்டாம், கிழங்கு பாதியாகவும் சாளைமீன் கறி இரட்டிப்பாகவும் இருக்கட்டும். சாளை, நெத்திலி, அயிலை எல்லாம் நம் கடற்கரையில் கிடைக்கிற நல்ல கொழுப்பு, பொரிக்காமல் குழம்பு வையுங்கள். தினமும் ஒரு கைப்பிடி நிலக்கடலை தின்னட்டும், அதில் வைட்டமின் இ-யும் இருக்கிறது, தேவையான அளவில்.

சாயாவில் போடும் சர்க்கரையை எண்ணுங்கள். டீக்கடைச் சாயாவில் இரண்டு ஸ்பூன் என்றால் 10 கிராம். ஒரு நாளைக்கு நாலு சாயா என்றால் 40 கிராம், மாதத்துக்கு ஒரு கிலோ 200 கிராம். சாப்பாட்டில் தனியாகச் சேர்க்கிற சர்க்கரை முடிந்தால் ஒரு நாளைக்கு 25 கிராமுக்குள் இருக்கட்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம், நம்மவர்கள் சாயாவிலேயே அதைத் தாண்டிவிடுகிறோம். கருப்பட்டி போட்டால் பரவாயில்லை என்று நினைக்கிறார்கள், கருப்பட்டியிலும் பெரும்பகுதி அதே சர்க்கரைதான், ஈரலுக்கு வித்தியாசம் தெரியாது. ஃபேட்டி லிவர் உள்ள பையன்களுக்கு எட்டு வாரம் சர்க்கரையை மட்டும் வெட்டிப் பார்த்ததில் ஈரல் கொழுப்பு 25-லிருந்து 17 சதவீதமாக இறங்கியது, 2019-ல். எட்டே வாரம். சாயாவுக்குப் பதில் சர்க்கரை போடாத காபி இரண்டு கப் குடித்தால் இன்னும் நல்லது, காபி குடிப்பவர்களுக்குத் தழும்பு குறைவாக இருப்பதைப் பல ஆய்வுகள் பார்த்திருக்கின்றன.

தேங்காய் பற்றிச் சொன்னால் நம் ஊரில் சண்டைக்கு வருவார்கள், இருந்தாலும் சொல்கிறேன். பின்லாந்தில் மூன்று வாரம் தினமும் 1000 கலோரி கூடுதலாகக் கொடுத்து, ஒரு கூட்டத்துக்கு வெண்ணெய், பாலாடைக்கட்டி, தேங்காய் எண்ணெய் போன்ற உறைகிற கொழுப்பும், ஒரு கூட்டத்துக்கு உறையாத கொழுப்பும், ஒரு கூட்டத்துக்குச் சர்க்கரையும் கொடுத்தார்கள். ஈரல் கொழுப்பு கூடியது முறையே 55, 15, 33 சதவீதம். அதனால் அவியலில் தேங்காய் அரைப்பதை நிறுத்தச் சொல்லவில்லை, தேங்காய் எண்ணெயில் பொரித்த ஏத்தங்காய் சிப்ஸைக் கால் கிலோ பாக்கெட்டாக மடியில் வைத்துக்கொண்டு டிவி பார்ப்பதை நிறுத்தச் சொல்கிறேன்.

மருந்து என்று வந்தால், சர்க்கரை உள்ளவர் என்பதால் அப்பாவுக்கு வழிகள் இருக்கின்றன. பயோகிளிட்டசோன் பழைய, விலை குறைந்த மாத்திரை, ஈரல் அழற்சிக்குப் பலன் உண்டு, ஆனால் எடை கூடும், இதயம் பலவீனமானவர்களுக்கு ஆகாது. சாரோகிளிட்டசார் இந்தியாவிலேயே 2020-ல் இதற்கு அனுமதி பெற்றது. சர்க்கரைக்கும் எடை குறையவும் போடுகிற செமாகுளுடைட் ஊசிக்கு ஈரல் அழற்சியும் தழும்பும் உள்ளவர்களுக்காக 2025 ஆகஸ்டில் அமெரிக்காவில் அனுமதி கொடுத்தார்கள். எது பொருந்தும் என்று அவரைப் பார்க்கிற டாக்டர்தான் சொல்லமுடியும். ஏற்கெனவே சாப்பிடுகிற சர்க்கரை மாத்திரை எதையும் நீங்களாக மாற்றாதீர்கள், எடை குறையக் குறையச் சர்க்கரை தாழ்ந்து மயக்கம் வரலாம், மாத்திரை அளவைக் குறைக்கவேண்டி வரும், அதற்காகவாவது டாக்டரிடம் சொல்லிவிட்டு ஆரம்பியுங்கள்.

ஏற்கெனவே கேப்சூல் வாங்கி அப்பா சாப்பிடத் தொடங்கியிருந்தால் பயப்படவேண்டாம், சில வாரம் சாப்பிட்டதால் ஒன்றும் ஆகியிருக்காது, நிறுத்திவிட்டு டாக்டரிடம் அதையும் சொல்லுங்கள். அடுத்த முறை ரத்தம் கொடுக்கும்போது பிளேட்லெட்டையும் சேர்த்துப் பார்க்கச் சொல்லுங்கள். அந்த எண்ணும், அப்பாவின் இடுப்புச் சுற்றளவும், அவர் சாப்பிடுகிற எல்லா மாத்திரைகளின் பெயரும் கிடைத்ததும் எனக்கு எழுதுங்கள், டாக்டரிடம் என்னென்ன கேட்கவேண்டும் என்று உட்கார்ந்து எழுதித் தருகிறேன்.